காவலுக்கு வைத்த உப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே பல வருஷம் போய்விட்டது. ஒவ்வொரு தவக்காலத்திலும் இந்தத் தடவை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததும் மனசு பின்வாங்கிவிடும். நான் எட்டாவது வரைதான் படித்தவள், அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இதில் மந்திரித்த உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாமியார் ஜெபித்துக் கொடுத்த உப்பு ஒரு பொருளைக் கெடுத்தது என்று என் கையாலேயே எழுதினால், அது ஆண்டவரையே குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயம். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நான் எழுதாமல் விட்டதில் இன்னொரு வீட்டில் ஒரு பொருள் பாழாகிப் போனது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் காரைக்கால் டவுனில் ஒரு பாத்திரக்கடையில் தராசு பிடித்தவர். பழைய பித்தளை, செம்பை எடுத்துக்கொண்டு புது எவர்சில்வர் கொடுக்கும் கடை அது. ஜனங்கள் கொண்டுவரும் பழைய குடம், அண்டாவுக்குள் சில சமயம் செம்புக் காசு கிடக்கும். இவர் அதை முதலாளியிடம் காட்டி, எடைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு எடுத்து வருவார். அப்படிச் சேர்த்ததுதான் எல்லாம். ராஜா நிற்கிற மாதிரி உருவம் போட்ட சோழர் காசு, தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் அடித்த கிரீடம் போட்ட காசு, நாகப்பட்டினத்து டச்சுக்காரன் காசு. இதையெல்லாம் விட அவருக்கு உயிர் ஒரு காசின் மேல். பிரெஞ்சுக்காரன் காலத்தது. அதில் காரைக்கால் என்று தமிழ் எழுத்திலேயே அடித்திருக்கும். சுரக்குடியிலிருந்து வந்த ஒரு அண்டாவின் அடியில் புளிக்கறையோடு ஒட்டிக்கிடந்ததாம். அதைக் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே இருப்பார். "நம்ம ஊரு பேர நான் கையாலயே வாசிப்பேன்" என்பார். கண் நன்றாக இருந்த காலத்திலேயே இந்தப் பெருமை உண்டு.

பிளாஸ்டிக் பை தைத்த ஆல்பம் ஒன்று வாங்கி, பைக்கு ஒரு காசாகப் போட்டு வைத்திருந்தார். எந்தப் பக்கத்தில் எந்தப் பையில் எது என்பது அவருக்கு மனப்பாடம்.

என் தம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவன் அப்போது லாரி ஆபீசில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். அவன் போடும் முடிச்சு ஊரில் வேறு யாரும் போடாத முடிச்சு. நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி, பல்லால் கடித்து இழுப்பான். கிறிஸ்மஸுக்கு அவன் பலகாரம் கட்டிக்கொண்டு வந்தால் அரிவாள்மனையை எடுத்தால்தான் பிரிக்க முடியும். இவர் கேலி செய்வார்.

"மாப்ள, நீ தாலி கட்டறப்ப மட்டும் இந்த முடிச்சப் போட்டுடாத. பொண்ணு ஜென்மத்துக்கும் ஓட முடியாது."

"அதுக்குத்தான் அத்தான் இப்பவே பழகறேன்" என்பான் அவன்.

இரண்டு பேரும் அப்படித்தான். எனக்குப் புருஷன், தம்பி என்றில்லாமல், அவர்களுக்குள் ஒரு கூட்டு.

அப்புறம் இவருக்குச் சர்க்கரை வந்தது. முதலில் பார்வையில் புகை படிந்த மாதிரி என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். ஒரு கண் போயிற்று, கொஞ்ச நாளில் மற்றதும் போயிற்று. யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. நான் ஜெபமாலை சொல்லாத நாள் இல்லை. கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் கேட்பதை நான் நிறுத்தவும் இல்லை.

பார்வை போன கொஞ்ச மாதத்தில், ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு என் தம்பியைக் கூப்பிடச் சொன்னார். "அந்த ஆல்பத்த எடுத்துக்கிட்டுப் போ. கும்பகோணத்துல காசு வாங்கறவர் இருக்கார். வந்த விலைக்குப் போட்டுடு. இனிமே அது எனக்கு என்னத்துக்கு" என்றார். என் தம்பி ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். சாயங்காலம் அதே ஆல்பத்தோடு திரும்பி வந்தான். விலை கேட்கவே மனசு வரவில்லை என்றான். "அத்தானுக்கு ஒருநாள் வேணும்னு தோணும்க்கா. அப்ப எங்க போயித் தேடறது?" என்று சொல்லி, அவனே டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். இவரிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். "எதுவோ பண்ணுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் தம்பி குவைத்துக்குப் போய்விட்டான். பெட்டி திறக்கப்படாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

வருஷங்கள் ஓடின. இவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். எங்கள் கோவில்பத்து வீட்டிலிருந்து மாதா கோயிலுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வர ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பாயில் உட்கார்ந்து, "அந்த ஆல்பம் இருக்கா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஆல்பத்தைத் தூக்கும்போது அதன் பக்கங்களுக்குள் சொருகியிருந்த ஒரு சின்னத் துணி மூட்டை நழுவி விழுந்தது. மந்திரித்த உப்பு. எங்கள் வீட்டில் அரிசிப் பானையில், பீரோவில், வாசல் நிலைமேல் எல்லா இடத்திலும் ஒரு மூட்டை இருக்கும். இதையும் நான்தான் எப்போதோ வைத்திருப்பேன் என்று நினைத்து, கண்ணில் ஒற்றி, பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு ஆல்பத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

முதல் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். விரல் நின்றுவிட்டது. இன்னொன்றை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். நானும் அப்போதுதான் நன்றாகக் கவனித்தேன். காசெல்லாம் பச்சையாகப் பிசின் பூசினாற்போல் இருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. பிளாஸ்டிக் பையும் கசிந்து வியர்த்துக் கிடந்தது.

"இது என் காசு இல்ல" என்றார்.

நான் பச்சையாகப் படிந்திருக்கிறது என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை. தன் காசு நகத்துக்குத் தட்டும், இது எண்ணெய்ப் பலகாரம் மாதிரி வழுக்குகிறது என்றார். பிறகு மெதுவாக, "கும்பகோணம் போனப்ப மாத்திட்டான் உன் தம்பி. கண்ணில்லாதவனுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நெனச்சிட்டான்" என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவர் அழுகிற குரலில் சொன்னார். அவருக்குக் காசு போன வருத்தம் பாதி. தன் விரலையும் இனிமேல் நம்ப முடியாது, தான் நம்பிய ஆளையும் நம்ப முடியாது என்பது மீதி. அன்றைக்கு என் தம்பி வாராவாரம் செய்வது போல குவைத்திலிருந்து கூப்பிட்டான். இவர் போனை வாங்கவில்லை. அடுத்த வாரமும் வாங்கவில்லை. அவன் என்னைக் குடைந்து கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டான். "அத்தான் அப்படி நெனச்சா நான் என்னக்கா சொல்றது" என்று வைத்துவிட்டான். மறுவாரம் அவன் கூப்பிடவில்லை.

காசை எப்படியாவது பழையபடி ஆக்கிவிட்டால் அவர் விரலே சாட்சி சொல்லும் என்று எனக்குத் தோன்றியது. செம்பு என்றால் புளி. நம் வீடுகளில் வேறென்ன தெரியும்? புளியை ஊறவைத்தும் விட்டேன். ஏனோ கை வரவில்லை. பக்கத்து வீட்டார் கூடி ஜெபிக்கிற எங்கள் அன்பியத்து வாட்ஸாப் குழுவில், செம்புக் காசில் பச்சை படிந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டேன். எலுமிச்சம்பழம், பல் தேய்க்கிற பேஸ்ட், சாம்பல், தக்காளி சாஸ், கோலா என்று ஆளுக்கொன்று வந்தது. ஒரு அக்கா செங்கல் தூள் போட்டுத் தேய்த்தால் தங்கமாக மின்னும் என்று எழுதினார்கள்.

ஆல்பத்தின் பின்னட்டையில் அந்தக் கும்பகோணத்துக்காரரின் நம்பர் ஒட்டியிருந்தது. அவருக்கே போன் செய்தேன். அவர் முதலில் சொன்னது, "புளியக் கிட்டயே கொண்டுபோயிடாதீங்கம்மா. மின்னணும்னு தேய்ச்சா எழுத்து போயிடும், அப்புறம் அது வெறும் செம்புத் தகடு" என்பதுதான். அந்தப் பிசின் காசிலிருந்து வந்ததில்லையாம். மட்டமான பிளாஸ்டிக் பை வருஷக்கணக்கில் வெக்கையில் கிடந்தால் அப்படித்தான் கசிந்து செம்பில் ஒட்டுமாம். அதைக் கரைப்பதற்கு அசிட்டோன் என்ற திரவம் போதும், வேறெதுவும் கலக்கக் கூடாது என்றார். நகப்பாலிஷ் எடுக்கிற திரவத்தில் எண்ணெயும் வாசனையும் சேர்ந்திருக்கும், அது ஆகாது. பள்ளிக்கூட ஆய்வகத்துக்குச் சாமான் விற்கிற கடையில் சுத்தமானது கிடைக்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றிக் காசைப் போட வேண்டும். தேய்க்கக் கூடாது. ஊறவிட்டு எடுத்து, பஞ்சால் ஒற்றினால் போதும். நெருப்பு பக்கத்தில் இருக்கவே கூடாது, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும், ஆவியை மோக்கக் கூடாது. இவ்வளவும் சொன்னார். என் தம்பி வந்ததை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். வந்தார், ஆல்பத்தைத் திறந்து காட்டினார், நான் விலை சொல்வதற்குள் மூடிக்கொண்டு போய்விட்டார் என்றார்.

இதை இவரிடம் சொன்னேன். "வியாபாரம் பண்றவர் வேற எப்படிச் சொல்வார்?" என்றார்.

சரி, விரல் சொல்லட்டும் என்று அசிட்டோன் வாங்கி வந்தேன். எங்கள் பீடத்தில் விளக்கு எந்நேரமும் எரியும். அதை அணைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் வேலையை வைத்துக்கொண்டேன். அவசரத்தில் முதலில் ஒரு ஐஸ்கிரீம் கப்பில் ஊற்றிவிட்டேன். கப் அப்படியே இளகிக் கல்லில் உட்கார்ந்துவிட்டது. கண்ணாடி என்று அவர் அழுத்திச் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பிறகு ஜாம் பாட்டிலில் ஊற்றி ஒரு டச்சுக் காசைப் போட்டு மூடினேன். கொஞ்ச நேரத்தில் திரவம் லேசாகப் பாசித் தண்ணீர் நிறமாயிற்று. எடுத்துப் பஞ்சில் ஒற்றினால் பச்சை முழுக்கப் பஞ்சுக்கு வந்தது. இன்னொரு முறை புதிதாக ஊற்றிப் போட்டேன். காற்றுப் பட்டதும் நொடியில் காய்ந்தது. மின்னவில்லை. பழைய பழுப்பு நிறம் அப்படியே இருந்தது, கருப்பட்டி நிறம். அதைப் பார்த்ததும் "சேசுவே" என்று சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொன்றாகச் செய்து, காயவைத்து, தட்டில் பரப்பி அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். எது எந்தப் பையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை.

அவர் ஒன்றை எடுத்துத் தடவினார். "இது தரங்கம்பாடி. ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும்... இருக்கு." அடுத்ததை எடுத்தார். "ராஜா. இவருக்கு இடுப்புக்குக் கீழ தேஞ்சிருக்கும்." அப்படியே போய்க்கொண்டிருந்தார். முகம் மலர்ந்து வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டுவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என் காரைக்கால் காசு எங்க?" என்றார்.

அதைக் கடைசியாக வைத்திருந்தேன். ஏனென்றால் அது மட்டும் சரியாகவில்லை. மற்றவற்றில் இருந்தது பிசின். இதில் பிசினுக்கு அடியில் வெளிர்பச்சையாகப் பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. அசிட்டோனில் பிசின் போயிற்று, பூத்தது போகவில்லை. பல் குச்சியால் லேசாகத் தொட்டேன். பொடி உதிர்ந்து, அடியில் அம்மை வடு மாதிரிக் குழி தெரிந்தது. எழுத்து இருந்த இடம்தான் அரித்துப் போயிருந்தது.

அவர் அதைத் திருப்பித் திருப்பித் தடவினார். நகத்தால் கீறினார். எந்த எழுத்தும் கிடைக்கவில்லை. தட்டில் போட்டுவிட்டார்.

"பாத்தியா. மத்ததெல்லாம் வச்சிட்டு இத மட்டும் எடுத்துட்டான். அவனுக்குத்தான் தெரியும் எனக்கு எது உயிருன்னு" என்றார்.

மற்ற காசெல்லாம் சரியாக வந்ததே என் தம்பிக்கு எதிர்ச் சாட்சியாகிவிட்டது. கொல்லைக்குப் போய் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி கும்பகோணத்துக்குப் போன் போட்டேன். பொடிப் பச்சை என்றதும் அவர் கேட்டார்: "கடலோர வீடாம்மா? அந்தக் காசு பக்கத்துல உப்பு ஏதாவது இருந்துச்சா?"

மாதா காலடியில் நான் வைத்த மூட்டை நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் சமையல்கட்டு ஜாடியிலேயே உப்பு நீர் விட்டுக்கொள்ளும். பெட்டிக்குள் ஆல்பத்தின் இடையில் கிடந்த உப்பு எத்தனை மழைக்காலம் பார்த்திருக்கும்! நீராகிக் கசிந்து அந்த ஒரு பையில் இறங்கி, காசைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. கும்பகோணத்துக்காரரும் அப்படித்தான் இருக்கும் என்றார். எழுத்து திரும்பாது, ஆனால் மேலே அரிக்காமல் நிறுத்தலாம், பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வையுங்கள், அவசரப்படாதீர்கள் என்றார்.

பீடத்திலிருந்து அந்த மூட்டையை எடுத்தேன். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். நான் மூட்டை கட்டினால் வெள்ளை நூலில் பூமுடிச்சுப் போடுவேன். இது நைலான் கயிறு. அதை அவர் கையில் வைத்தேன்.

"என்ன இது?"

"ஆல்பத்துக்குள்ள இருந்துச்சுங்க. அந்தக் காசு இருந்த பக்கத்துல இதோட உப்புக் கறை இருக்கு."

உப்பு கல்லாக இறுகியிருந்தது. அதைத் தடவினார். விரல் மேலே ஏறிக் கயிற்றுக்குப் போயிற்று. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, உள்ளே சொருகிய நுனி. அங்கேயே விரல் நின்றது. பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மறுபடி தடவினார். வெகுநேரம் அந்த முடிச்சையே பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியதை அவர் துடைக்கவில்லை.

"போன் போடு" என்றார்.

மணி அடித்ததும் தம்பி எடுத்துவிட்டான். அக்கா என்றான். இவர் போனை வாங்கிக்கொண்டார்.

"மாப்ள, உப்பு ஏன்டா வச்ச?"

"காவலுக்குத்தான் அத்தான். அன்னைக்குக் கும்பகோணத்துலேர்ந்து வந்து வச்சேன். திரும்ப யாரும் அத வித்துடக் கூடாதுன்னு ஜெபம் பண்ணி வச்சேன்" என்றான்.

"காவக்காரனே தின்னுட்டான்டா" என்றார் இவர். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது. "நான் உன்னத் தப்பா நெனச்சிட்டேன் மாப்ள. மனசுல வச்சுக்காத."

"விடுங்க அத்தான். எழுத்து போச்சா?"

"எழுத்து போனா போகட்டும். நீ போட்ட முடிச்ச வாசிச்சிட்டேன்."

நடந்தது இவ்வளவுதான். அந்தக் காசைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மாற்றி மாற்றி வைத்து, வெயிலில் உலர்த்தினேன். பொடி பூப்பது நின்றது. மற்ற காசெல்லாம் இப்போது பிளாஸ்டிக் இல்லாமல், காகித உறையில் போட்டு, ஈரம் ஏறாத டப்பாவில் இருக்கிறது. காரைக்கால் காசு மட்டும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பூசை நேரத்தில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருப்பார். நான் முழங்கையால் இடிப்பேன்.

இனி நான் எழுத வந்த காரணம். நடந்ததை நான் அன்பியத்தில் ஒரு நாள் வாயால் சொன்னேன். அது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும்போது வளர்ந்துவிட்டது. கண்ணில்லாதவர் காசில் மந்திரித்த உப்பைத் தேய்த்தார்கள், பச்சையெல்லாம் போய்ப் புதுசாயிற்று, பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள் என்று ஆகிவிட்டது. கேட்க அது நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வரிச்சிக்குடியில் ஒரு அம்மா, இறந்துபோன தன் அப்பா மோதிரப் பெட்டியில் வைத்திருந்த பழைய செம்புக் காசை, உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். போன மாசம் அதைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்து, என்ன காசென்று சொல்லுங்க என்றார்கள். செக்கச்செவேலென்று பளபளத்தது. இவர் தடவிப் பார்த்தார். அவர்கள் முகத்தை அவரால் பார்க்க முடியாது, என்னால் முடிந்தது. எவ்வளவு ஆசையாக நின்றார்கள்! "நல்ல செம்பும்மா" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கே சாமியாரிடம் போய்க் கேட்டேன், இதை எழுதினால் பாவமா என்று. "உப்ப மந்திரிச்சா அது உப்பா இல்லாமப் போயிடுமாம்மா? உண்மைய எழுதுங்க" என்றார். எனக்கு மனசு லேசாயிற்று. என் தம்பி செய்த ஜெபம் வீண் போகவில்லை. யாரும் அந்தக் காசை விற்கவில்லை. முடிச்சு வரைக்கும் அப்படியே இருந்தது. அந்த ஜெபத்துக்கு ஆண்டவர் பொறுப்பு. ஈரத்தில் உப்பு செம்பைத் தின்பதற்கு உப்புதான் பொறுப்பு.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். பிறருக்குச் சொன்னால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். உப்பு காசைச் சுத்தம் செய்தது என்று மாற்றிவிடாதீர்கள், அந்த அசிட்டோனோடு உங்கள் பங்குக்கு எலுமிச்சையோ புளியோ சேர்த்துவிடாதீர்கள், விளக்குப் பக்கத்தில் செய்யக் கூடாது என்பதை விட்டுவிடாதீர்கள். என் வீட்டுக்காரருக்குக் கண் வந்துவிட்டது என்றும் சொல்லாதீர்கள். வரவில்லை. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இப்படியே அனுப்புங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டையும் காப்பாராக.